இரண்டாம் சூடு

(மூன்றாம் ஆண்டு, இயந்திரவியல் பிரிவு)



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று பேரவைச் செயலாளர் வகுப்பு வகுப்பாக வந்து கேட்டபோது, எங்கள் வகுப்பில் ஆளுக்கொரு தலைப்பைப் பிடித்துக்கொண்டார்கள். நட்பைப் பற்றி மூன்று பேர், அம்மாவைப் பற்றி நான்கு பேர், மழையைப் பற்றி ஒரு கவிஞர். நான் "பிஸ்கட்" என்றேன். வகுப்பே சிரித்தது. "ஏன் புள்ள, மெக்கானிக்கல் படிச்சுட்டு பேக்கரி வைக்கப் போறியா?" என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல். சிரிக்கட்டும். இரும்பைச் சூடாக்குவதைப் பற்றி ஒரு முழுப் பாடமே படிக்கிறோம். மாவைச் சூடாக்குவதில் மட்டும் என்ன குறைச்சல்? அதுவும் நான் சொல்ல வந்தது ஒருமுறை அல்ல, இரண்டுமுறை சுடப்படும் இத்தாலி நாட்டு பிஸ்கட்டைப் பற்றி.

பிஸ்கட் என்ற சொல்லுக்குள்ளேயே அந்தக் கதை இருக்கிறது. லத்தீன் மொழியில் 'பிஸ்' என்றால் இரண்டுமுறை, 'காக்டஸ்' என்றால் சமைத்தது. இரண்டும் சேர்ந்து இத்தாலிய மொழியில் 'பிஸ்கோட்டோ' ஆயிற்று. ஒன்றுக்கு மேல் இருந்தால் 'பிஸ்கோட்டி'. அதே சொல் பிரெஞ்சுக்குப் போய், ஆங்கிலத்துக்குப் போய், கடைசியில் நம்ம ஊர் டீக்கடைக் கண்ணாடி பாட்டிலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. வேடிக்கை என்னவென்றால், இன்று நாம் பிஸ்கட் என்று சொல்லித் தின்பதில் பெரும்பாலானவை ஒரேயொரு முறை சுடப்பட்டவைதான். பெயருக்கு உண்மையான சொந்தக்காரர், அதே பாட்டிலுக்குப் பக்கத்தில் இருக்கும் ரஸ்க்! ஜெர்மானியர்கள் தங்கள் ரஸ்க்கை 'ஸ்வீபாக்' என்கிறார்கள். அதற்கும் இரண்டுமுறை சுட்டது என்றுதான் அர்த்தம்.

சரி, ஏன் இரண்டுமுறை? ருசிக்காக என்று நினைத்தால் அது பின்னால் வந்தது. முதலில் தண்ணீருக்குப் பயந்துதான். புதிதாகச் சுட்ட ரொட்டியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தண்ணீர் இருக்கும். மெத்தென்று இருப்பதே அதனால்தான், நாலாவது நாள் பச்சையாய்ப் பூஞ்சை பூப்பதும் அதனால்தான். அந்த ரொட்டியைத் துண்டுபோட்டு, மிதமான சூட்டில் மறுபடி உள்ளே வைத்தால் தண்ணீர் வெளியேறிவிடும். உணவுத் தொழில்நுட்பத்தில் இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். நீர்ச் செயல்பாடு என்று பெயர். சுத்தத் தண்ணீருக்கு 1 என்றால், 0.6-க்குக் கீழே இறங்கிவிட்ட பண்டத்தில் எந்தக் கிருமியும் பூஞ்சையும் வளர முடியாது. ரஸ்க்கும் பிஸ்கோட்டியும் அதற்கும் கீழே. குளிர்பதனப் பெட்டி இல்லாத காலத்தில் ரொட்டியை மாதக்கணக்கில் காப்பாற்ற மனிதன் கண்டுபிடித்த வழி இது. உப்புக் கிடையாது, மருந்து கிடையாது, வெறும் சூடு.

ரோமாபுரிப் படைவீரர்களுக்கு 'புக்கெல்லாட்டம்' என்ற காய்ந்த ரொட்டி கொடுத்தார்கள். முதுகில் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடக்கிறவனுக்கு எடை குறைவாகவும் இருக்க வேண்டும், கெடவும் கூடாது. தண்ணீரை எடுத்துவிட்டால் இரண்டும் ஒரே கல்லில் விழுந்துவிடும். பிறகு கடல் வந்தது. ஜெனோவா, வெனிஸ் இரண்டும் கப்பலாலேயே வாழ்ந்த நகரங்கள். வெனிஸில் கப்பல் கட்டும் பெரிய தளமான ஆர்சனலுக்குப் பக்கத்திலேயே அரசாங்கத்தின் ரொட்டி அடுப்புகள் இருந்தன. துடுப்புப் போடும் நூற்றுக்கணக்கான ஆட்களுக்குக் கப்பல் பிஸ்கட் அங்கிருந்துதான் போகும். கப்பல் தளமும் பிஸ்கட் அடுப்பும் அக்கம்பக்கம்! ஒரு நாட்டின் கடற்படைக்குப் பாய்மரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் பிஸ்கட் என்றால் மிகையாகாது. 1492-இல் ஜெனோவாக்காரரான கொலம்பஸ் ஸ்பெயின் கப்பல்களில் கிளம்பியபோதும் மூட்டைகளில் போனது இந்த ஜாதி பிஸ்கட்தான்.

அதில் சர்க்கரையும் இல்லை, பாதாமும் இல்லை. பல்லுக்கு அடங்காது. தண்ணீரிலோ, சூப்பிலோ, திராட்சை மதுவிலோ ஊறவைத்துத்தான் விழுங்க வேண்டும். கடல் ஈரத்தில் நமுத்துப்போனால் பூஞ்சை, காய்ந்தே இருந்தால் வண்டு. மாலுமிகள் பாவம்தான்.

இந்தக் காய்ந்த ரொட்டிக் குடும்பம் இன்னும் இத்தாலியில் உயிரோடு இருக்கிறது. தெற்கே புலியா பகுதியில் 'ஃபிரிசெல்லே' என்று வளையம் வளையமாக ஒரு ரொட்டி. ஒருமுறை சுட்டு, குறுக்கே இரண்டாகப் பிளந்து, மறுபடி சுடுவார்கள். சாப்பிடும்முன் தண்ணீரில் ஒரு முக்கு முக்கி எடுத்து, மேலே தக்காளி, உப்பு, ஆலிவ் எண்ணெய். கயிற்றில் கோத்துத் தொங்கவிட வசதியாக வளையம்! கடலுக்கு அக்கரையில் கிரீஸ் நாட்டு கிரீட் தீவில் பார்லி மாவில் இதே வேலையைச் செய்து 'பக்ஸிமாடி' என்கிறார்கள்.

இரண்டாம் சூட்டுக்கு இன்னொரு காரணமும் உண்டு. அது பாமரச் சிக்கனம். விறகு அடுப்பில் காலையில் கொளுத்திய சூடு, ரொட்டி வெந்து முடிந்த பிறகும் செங்கல்லுக்குள் மணிக்கணக்கில் தங்கியிருக்கும். அந்த இறங்குமுகச் சூட்டை வீணாக்காமல், மீந்த ரொட்டித் துண்டுகளை உள்ளே அடுக்கிவிட்டுக் கதவைச் சாத்திவிடுவார்கள். தனியாக ஒரு குச்சி விறகு வேண்டாம். இதை இத்தாலியப் புத்தகம் எதிலும் தேடிப் படிக்க வேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. எங்கப்பா இருபத்தாறு வருஷமாக இதைத்தான் செய்கிறார். ஊர்க்கோடி பேக்கரி ஒன்றில் அவர் மாஸ்டர். ராத்திரி பத்து மணிக்குப் போனால் விடிந்துதான் வருவார். ரொட்டியும் பன்னும் இறங்கிய பிறகு, கடைசிச் சூட்டில் ரஸ்க். அப்பா ஐந்தாவது வரை. அம்மா தறிக்குப் போகிறார். எங்கள் இரண்டு வீட்டு வழியிலும் பத்தாவதைத் தாண்டிய முதல் ஆள் நான்.

சர்க்கரை சேர்ந்த பணக்கார பிஸ்கோட்டிக்கு வருவோம். அதற்கு டஸ்கனி போக வேண்டும். ஃபிளாரன்ஸ் நகரில் க்ருஸ்கா அகாதமி என்று ஒரு மொழிச் சங்கம் இருக்கிறது. இத்தாலிய மொழிக்கு முதல் பெரிய அகராதி போட்டவர்கள் அவர்கள்தான். அந்த அகராதியின் 1691-ஆம் ஆண்டுப் பதிப்பில் 'கந்துச்சோ' என்ற சொல்லுக்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள்: நைஸ் மாவில் சர்க்கரையும் முட்டை வெள்ளைக்கருவும் சேர்த்து, துண்டு துண்டாகச் செய்த பிஸ்கட் என்று. பண்டிதர்கள் கூடி அகராதி எழுதுகிற இடத்தில் பிஸ்கட்டின் கைப்பக்குவமும் ஏறிவிட்டது பாருங்கள்! கவனிக்க வேண்டியது, அதில் பாதாம் இல்லை. கந்துச்சோ என்றால் சின்ன மூலை, ரொட்டியின் ஓரத்துண்டு என்றெல்லாம் பொருள். எங்கள் வீட்டிலும் ரொட்டியின் ஓரத்துண்டுக்குத்தான் நானும் தம்பியும் அடித்துக்கொள்வோம்.

பாதாம் போட்ட இன்றைய உருவத்துக்குப் பேர்வாங்கிக் கொடுத்த ஊர் பிராட்டோ. ஃபிளாரன்ஸுக்குப் பக்கத்து ஊர். இந்த ஊரைப் பற்றிப் படித்தபோது எனக்குத் திருப்பூர் ஞாபகம் வந்துவிட்டது. பிராட்டோ நூற்றாண்டுக் கணக்காகத் துணி ஊர். உலகத்தின் பழைய கம்பளித் துணிகள் கந்தலாக அங்கே வந்து இறங்கும். நிறம் நிறமாகப் பிரித்து, கிழித்துப் பஞ்சாக்கி, மறுபடி நூலாக்கி, புதுத் துணியாக நெய்து அனுப்புவார்கள். நம் பக்கம் பனியன் கம்பெனி வெட்டுத்துணிக் கழிவை மில்லில் மறுபடி நூலாக்குகிறார்களே, அதே வித்தை. துணியையும் இரண்டாவது தடவை பிறக்க வைக்கிற ஊரில் ரொட்டியையும் இரண்டாவது தடவை சுட்டதில் ஆச்சரியமில்லை என்று எனக்குத் தோன்றியது. இது என் சொந்தக் கற்பனை, வரலாறு அல்ல!

அந்த ஊரில் 1858-இல் அந்தோனியோ மத்தேயி என்பவர் ஒரு பிஸ்கட் கடை திறந்தார். 1867-இல் பாரிஸ் உலகக் கண்காட்சிக்குத் தம் பிஸ்கட்டை அனுப்பி அங்கே பாராட்டு வாங்கினார். இத்தாலியச் சமையல் நூல்களில் பெரிய பெயரான பெல்லக்ரீனோ அர்த்தூசியின் 1891-ஆம் ஆண்டுப் புத்தகத்திலும் மத்தேயியின் பெயர் பிரியத்தோடு வருகிறது. கடை இன்னும் அதே ஊரில் இருக்கிறது. நீலத் தாள் பையில் கட்டித் தருகிறார்கள். பிராட்டோக்காரர்கள் அதைப் 'பிராட்டோ பிஸ்கட்' என்கிறார்கள். டஸ்கனியின் மற்ற ஊர்களில் கந்துச்சி அல்லது கந்துச்சீனி. 2016-இல் டஸ்கனி கந்துச்சீனிக்கு ஐரோப்பிய யூனியன் புவிசார் குறியீடு கொடுத்தது. (நம்ம ஊட்டி வர்க்கிக்கு 2023-இல் கிடைத்தது என்பதைப் பெருமையோடு இங்கே சொல்லிவிடுகிறேன்.)

சாமான்கள் ரொம்பக் கொஞ்சம். மைதா, சர்க்கரை, முட்டை, தோல் உரிக்காத முழுப் பாதாம். மத்தேயி கடையில் பைன் மரத்துக் கொட்டையும் சேர்ப்பார்கள். வெண்ணெய் இல்லை, எண்ணெய் இல்லை. மாவைப் பிசைந்து, முழங்கை நீளத்துக்கு உருளையாக உருட்டி, கொஞ்சம் தட்டையாக்கி முதல் சூடு. பொன்னிறமானதும் எடுத்து, வெதுவெதுப்பாக இருக்கும்போதே சாய்வாக வெட்ட வேண்டும். கொதிக்கக் கொதிக்க வெட்டினால் பிய்ந்துவரும். முழுக்க ஆறவிட்டால் கத்தி பாதாமில் பட்டதும் துண்டு நொறுங்கும். சாய்வாக வெட்டுவது அழகுக்கு மட்டுமல்ல. நேராக வெட்டுவதைவிடச் சாய்வுவெட்டில் முகப்பின் பரப்பு அதிகம், அதனால் இரண்டாம் சூட்டில் ஈரம் போக வழி அதிகம். எங்கள் துறை நண்பர்களுக்காக ஒன்று: எஃகை ஒருமுறை காய்ச்சித் திடீரென்று குளிரவைத்து, பிறகு குறைந்த சூட்டில் மறுபடி பதப்படுத்துகிறோம் அல்லவா? இரண்டிலும் இரண்டாவது சூடு முதலாவதைவிடக் குறைவு. ஆனால் பலன் தலைகீழ். எஃகில் இரண்டாம் சூடு நொறுங்கும் தன்மையைக் குறைக்கிறது. பிஸ்கட்டில் நொறுங்கும் தன்மை வருவதே அதனால்தான்.

டஸ்கனியில் இதை 'வின் சாந்தோ' என்ற இனிப்பு மதுவில் தோய்த்துச் சாப்பிடுவது மரபு. பெயருக்குப் புனித மது என்று பொருள். திராட்சையைப் பறித்துப் பாயில் பரப்பியோ தொங்கவிட்டோ உலரவைத்து, பிழிந்து, சின்ன மரப்பீப்பாய்களில் வருஷக்கணக்கில் வைத்திருப்பார்கள். கல்லூரி மலரில் இதற்குமேல் எழுதினால் மலர்க்குழு ஆசிரியர் சிவப்பு மை பேனாவை எடுத்துவிடுவார். நமக்கு டீ இருக்கிறது.

இவ்வளவு எழுதுகிறாளே, தின்றிருக்கிறாளா என்று கேட்பீர்கள். தின்றேன். எங்கள் ஆசிரியர் ஒருவரின் உறவினர் பின்னலாடை மெஷின் பார்க்க இத்தாலிக்குப் போய்விட்டு ஒரு பொட்டலம் கொண்டுவந்திருந்தார். ஒர்க் ஷாப் வகுப்பு முடிந்ததும் சார் ஆளுக்கு இரண்டு துண்டு கொடுத்தார். ஒன்றை அங்கேயே கடித்தேன். கடக்கென்று ஒரு சத்தம், அப்புறம் முட்டை வாசம், அப்புறம்தான் பாதாம். இன்னொன்றைக் காகிதத்தில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுபோனேன்.

அப்பா அப்போதுதான் தூங்கி எழுந்திருந்தார். எந்த நாட்டுப் பண்டம் என்று நான் சொல்லவில்லை. கையில் வாங்கி முதலில் எடை பார்த்தார். அப்புறம் காதுக்குப் பக்கத்தில் வைத்து உடைத்தார். உடைந்த இடத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ரெண்டு சூடு வாங்கியிருக்குது கண்ணு. ஈஸ்ட் இல்ல. டால்டா, வெண்ணெய் எதுவும் இல்ல, கையில பிசுக்கு ஒட்டல பாரு. முட்டை தாராளமாப் போட்டிருக்கான். ஆறுறதுக்கு முன்னாடி வெட்டியிருக்கான், பருப்பு பிளவுபடாம அறுபட்டிருக்குது. நல்ல கத்தி" என்றார். நான் நூலகத்திலும் கைபேசியிலும் நாலு நாள் தேடிச் சேர்த்த விஷயத்தை அரை நிமிஷத்தில் சொல்லிவிட்டார். கடைசியாகத்தான் வாயில் போட்டார். "எந்த ஊரு மாஸ்டர்?" என்று கேட்டார். இத்தாலி என்றேன். "அங்கேயும் ராத்திரி வேலதானா?" என்றார். எனக்குப் பதில் தெரியவில்லை.

அடுத்த ஞாயிறு நாங்கள் செய்து பார்த்தோம். பாதாம் விற்கிற விலைக்கு எங்களுக்கு அது ஆகாது. நிலக்கடலையை வறுத்துத் தோலோடு போட்டோம். கல்லூரி ஆய்வகத்தில் அனுமதி வாங்கி ஒரு வெப்பமானியும் எடுத்துப் போயிருந்தேன். அப்பா வெப்பமானி பார்த்ததே இல்லை. அடுப்புத் தரையில் ஒரு சிட்டிகை மைதாவைத் தூவி, அது எவ்வளவு நேரத்தில் எந்த நிறத்துக்குப் போகிறது என்று பார்ப்பார். அவ்வளவுதான். அவர் "இப்ப சரி" என்ற ஒவ்வொரு தடவையும் நான் அளந்தேன். உருளைக்கு அவர் சரி என்றபோது 180-ஐ ஒட்டி இருந்தது. இரண்டாம் சூட்டுக்கு அவர் சரி என்றபோது 150. புத்தகங்களில் போட்டிருப்பதும் கிட்டத்தட்ட அதேதான்! பத்து டிகிரிக்கு மேல் ஒருமுறையும் தவறவில்லை.

இதை நான் பெருமைக்காக மட்டும் எழுதவில்லை. தை மாதம் அந்தப் பேக்கரியில் விறகு அடுப்பை இடித்துவிட்டு, டிராலியோடு உள்ளே தள்ளிச் சுழலவிடுகிற புது அவன் வைக்கப் போகிறார்கள். பொத்தானை அமுக்கினால் 180, மறுபடி அமுக்கினால் 150. வேலை நேரம் பாதியாகும், புகை இல்லை, அப்பாவின் இருமலுக்கு நல்லதுதான். ஆனால் அதில் மீந்த சூடு என்று ஒன்று கிடையாது. ரஸ்க்குக்குத் தனியாக எரிபொருள் கொடுக்க வேண்டும். அதற்குப் பாக்கெட் ரஸ்க்கை வாங்கி வைத்துவிடலாமே என்று கடையில் பேச்சு. பழைய மாஸ்டர் இருப்பாரா, மெஷின் தெரிந்த பையனை எடுப்பார்களா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. அப்பாவும் கேட்கவில்லை. கேட்கிற ஆள் இல்லை அவர்.

அந்த அவனின் விளக்கப் புத்தகம் ஆங்கிலத்தில் இருக்கிறது. அப்பா அதைக் கேட்டு வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்தார். இப்போது தினமும் சாயங்காலம் இரண்டு பக்கம் படித்து நான் தமிழில் சொல்கிறேன். அவர் சொல்லச் சொல்ல, அவருடைய கணக்கை நான் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதுகிறேன். பன்னுக்கு மாவு எந்த நிறம், கேக்குக்கு எந்த நிறம், அது எத்தனை டிகிரி, எத்தனை நிமிஷம். மழைநாளில் மைதா ஈரமாக இருந்தால் எவ்வளவு தண்ணீர் குறைக்க வேண்டும் என்பது மெஷின் புத்தகத்தில் இல்லை, நோட்டில் இருக்கிறது. பதினேழு பக்கம் ஆகியிருக்கிறது. கடலை பிஸ்கோட்டி பன்னிரண்டாம் பக்கம்.

செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு: மைதா 250 கிராம், சர்க்கரை 175 கிராம், முட்டை 2, வறுத்த கடலை 125 கிராம், ஒரு சிட்டிகை உப்பு. 180 டிகிரியில் 25 நிமிஷம். விரல் கனத்துக்குச் சாய்வாக வெட்டி, 150-இல் 20 நிமிஷம், நடுவில் ஒருமுறை புரட்டிவிட வேண்டும். முழுக்க ஆறிய பிறகுதான் டப்பாவில் போட வேண்டும், மூடி இறுக்கமாக இருக்க வேண்டும். விடுதி மாணவர்கள் டப்பாவுக்குப் பூட்டும் போட வேண்டும்!

தோய்த்துத் தின்பதிலும் ஒரு விஞ்ஞானம் உண்டு. பிஸ்கட்டை டீயில் தோய்ப்பதை ஆராய்ந்ததற்காக லென் ஃபிஷர் என்ற இயற்பியலாளருக்கு 1999-இல், சிரிக்கவைத்துச் சிந்திக்கவைக்கும் ஆராய்ச்சிகளுக்கான இக் நோபல் பரிசு கொடுத்தார்கள். நுண்துளைகளில் திரவம் ஏறும் வேகத்துக்கு 1921-இல் வாஷ்பர்ன் கொடுத்த சமன்பாட்டை அவர் பிஸ்கட்டுக்குப் பொருத்திக் காட்டினார். நேர்குத்தாக முக்காமல் படுக்கைவாட்டில், ஒரு பக்கம் மட்டும் நனையும்படி வைத்தால், மேல்பக்கம் காய்ந்தே இருந்து துண்டைத் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் யோசனை. எங்கள் வீட்டு டம்ளர் வாய் சின்னது, படுக்கவைக்க முடியாது. அப்பா டீயை வட்டா செட் டபராவில் ஊற்றிக்கொடுத்தார். கடலை பிஸ்கோட்டி எட்டு எண்ணுகிறவரை தாங்கியது. பேக்கரி ரஸ்க் மூன்றிலேயே விழுந்துவிட்டது.